மணமேடை ஏறிய செருப்பு

சிதம்பரம்
5 ஜூன் 2024, புதன்

கதிர்வேல் மச்சானுக்கு, சின்னையன் சொல்லி எழுதுவது.

கடிதாசியைக் கிழிச்சுப் போட்டுடாதே. கையெழுத்து என்னுது இல்லைன்னு உனக்கே தெரியும். இங்க மேலவீதி மருந்துக்கடையில மருந்தாளுநரா இருக்கிற வெண்மதியம்மா எழுதறாங்க. நான் சொல்றதை ஒரு எழுத்து கூட்டாம குறைக்காம எழுதணும்னு பேச்சு. போன்ல பேசலாம்னா உன் காதுக்கு எட்டாது. நீ 'ஆங், ஆங்'ம்பே, நான் கத்துவேன். இருக்கிற சண்டையே போதும்.

அந்தச் சண்டையை முதல்ல சொல்லிடுறேன், அப்பத்தான் எனக்கு மத்தது பேச வரும். 2019 ஆவணி. பண்ருட்டியில என் பேத்தி சுவேதா கல்யாணம். ரெண்டாம் பந்தி, ஜன்னல் ஓரம் நாலாவது இலை எனக்கு. லட்டு வச்சிட்டுப் போனாங்க. நீ எதிர்வரிசையில இருந்து எழுந்து வந்து, முந்நூறு பேர் பார்க்க, என் இலையில கை விட்டு லட்டை எடுத்துக்கிட்டு, "சக்கரைக்காரனுக்கு எதுக்குடா லட்டு"ன்னு கேட்டே. நீ என் தங்கச்சி புருஷன், சம்பந்தி வீட்டு ஆளுங்க எதிர்ல இப்படிக் கேட்டே. நான் பாதி சாப்பாட்டுல எழுந்தேன். அன்னியிலேர்ந்து உன் வாசல் மிதிக்கலை. நீ செஞ்சது சரின்னு இந்த ஜென்மத்துல என் வாயில வராது. அதை நல்லா தெரிஞ்சுக்கோ.

உன் மேல இருந்த ஆத்திரத்துல அப்புறம் தினம் ஒரு லட்டு தின்னேன். சக்கரை நானூத்திப் பன்னிரண்டுக்குப் போச்சு. மாத்திரை குடுத்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, மாத்திரையோட முகத்தை வச்சுத்தான் அடையாளம். போன வருஷம் மாசியில, வட்டமா இருந்த வெள்ளை மாத்திரைக்குப் பதிலா நீட்டமா ஒரு பச்சை வந்துது. கம்பெனிதான் வேற, மருந்து ஒண்ணேன்னு எனக்கு எப்படித் தெரியும்? புது மருந்து சேர்த்திருக்காங்கன்னு நினைச்சு, மிச்சம் இருந்த வெள்ளையையும் போட்டேன், பச்சையையும் போட்டேன். பகல் பதினொரு மணி, பஸ் ஸ்டாண்டு வாசல்ல வேர்த்துக் கொட்டி விழுந்தேன். வெண்மதியம்மாதான் அந்தப் பக்கம் வந்தவங்க, வாயில சர்க்கரைக் கரைசல் ஊத்தி எழுப்பினாங்க. அவுங்க புதன்கிழமை மத்தியானம் கடை மாடியில சக்கரைக்காரங்களுக்கும் பிரஷர்காரங்களுக்கும் வகுப்பு வைக்கிறாங்க. ஒரு வருஷமாப் போறேன். மாத்திரைக் கவர்ல காலைக்குச் சூரியனும் ராத்திரிக்குப் பிறையும் வரைஞ்சு குடுக்கிறாங்க. அதுக்கப்புறம் நான் ஒரு நாளும் தப்பு விடலை.

இப்ப எதுக்கு எழுதறேன்னா, போன வாரம் என் தங்கச்சி தங்கம்மா வந்துட்டுப் போனா. நீ மூணு மாசமா வலது கால்ல சாக்ஸ் போட்டுக்கிட்டே திரியறியாம். கடலூர் முதுநகர் வெயில்ல எவன் சாக்ஸ் போடுவான்? துவைக்கிறப்போ அடியில கறை இருக்குன்னா. மச்சான், உன் காலைக் காட்டு. எனக்கு வேணாம், டாக்டருக்குக் காட்டு.

சின்னையன்


கடலூர் முதுநகர்
12.6.2024

சின்னையன் மச்சானுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. 'தங்கள்' என்று எழுதியது உனக்காக அல்ல. கடிதத்தை உண்மையில் எழுதிய அந்த அம்மாளுக்காக. ஐந்து வருடம் வாய் திறக்காதவன் திடீரென்று என் காலைப் பற்றிக் கவலைப்படுகிறான் என்றால் நம்ப நான் என்ன குழந்தையா? மாத்திரை விற்கிறவர்களுக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீ கைநாட்டு. உன் பெயரைச் சொல்லி யார் எதை எழுதினாலும் உனக்குத் தெரியப்போவதில்லை.

லட்டு விஷயம். நீ கெட்டுப்போகக் கூடாது என்றுதான் எடுத்தேன். முந்நூறு பேர் பார்த்தார்கள் என்கிறாய். பார்த்தால் என்ன? நீ நல்லா இருக்கணும் என்று நினைத்தது நான் ஒருவன்தான். அதற்கு நீ கொடுத்த பரிசு, என் மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக்கூட வராதது.

எனக்கும் சர்க்கரை இருக்கிறது என்பது உண்மை. ஆறு வருடமாக இருக்கிறது. ஆனால் கட்டுக்குள் இருக்கிறது. போன மாதம் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 118. காகிதம் என்னிடம் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியும். நார்மல் வந்த பிறகு மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டேன்.

காலில் சின்னதாக ஒரு புண். மஞ்சள் வைக்கிறேன். துளி வலி இல்லை. இதே துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் படகு இன்ஜின் பார்த்தவன் நான். சத்தம் போடாத இன்ஜின் நல்ல இன்ஜின். வலிக்காத கால் நல்ல கால். இதற்கு மேல் எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

தங்கம்மாள் நலம். இனி அவளிடம் துப்பு கேட்காதே.

கதிர்வேல்


சிதம்பரம்
19 ஜூன் 2024, புதன்

மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினதும் வெண்மதியம்மாதான். 'மாத்திரை விற்கிறவர்களுக்கு'ங்கிற இடம் வந்ததும் நிறுத்தி, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டு மேல படிச்சாங்க. வகுப்புல பட்டம்மாள்னு ஒரு அம்மா, "யாரு அந்த ஆளு, கூட்டிட்டு வாங்க பார்ப்போம்"னு எழுந்துட்டாங்க. உட்கார வச்சேன்.

இதைச் சொல்றது நான்தானான்னு உனக்குச் சந்தேகம். சரி, வெண்மதியம்மாவுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன்.

1976 வைகாசி, மங்கலம்பேட்டையில உன் கல்யாணம். காலையில மாப்பிள்ளையைக் காணோம்னு ஒரே கலவரம். தேடிப் போனவன் நான். பின்னால, வைக்கோல் போட்டிருந்த கொட்டகையில நீ உட்கார்ந்து அழுதுகிட்டிருந்தே. புதுச் செருப்பு கடிச்சு வலது கால் சுண்டுவிரல்ல ஒரு கொப்புளம். உளுந்து அளவுதான். "மச்சான், என்னால நடக்க முடியலை, தாலியைக் கட்டாம விட்டுட்டா என்ன நினைப்பாங்க"ன்னு கேட்டே. நான் உன்னை மணமேடை வரைக்கும் இடுப்புல கை குடுத்துத் தாங்கிக்கிட்டு வந்தேன். மாப்பிள்ளைக்கு வெட்கம்னு எல்லாரும் சிரிச்சாங்க. இன்னிக்கு வரைக்கும் தங்கம்மாகிட்டகூட நான் சொன்னதில்லை. இப்ப நான்தானே பேசறேன்?

உளுந்தளவு கொப்புளத்துக்கு அழுதவன் நீ. அதே காலுக்கு அடியில புண்ணு, வலிக்கலைங்கிறே. அதான் மச்சான் எனக்குக் கவலை. சக்கரை ஜாஸ்தியானா கால் நரம்பு செத்துப்போகும், ஆணி ஏறினாக்கூடத் தெரியாதுன்னு வகுப்புல மூணாவது வாரம் சொன்னாங்க. நீ இன்ஜின்காரன், உனக்கு உன் பாஷையிலேயே சொல்றேன். சத்தம் வராத இன்ஜின் நல்ல இன்ஜினாவும் இருக்கலாம், நின்னுபோன இன்ஜினாவும் இருக்கலாம்.

அந்த 118 எப்படி வந்துதுன்னும் தெரியும். டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் வெறும் கஞ்சித் தண்ணி, ரத்தம் குடுத்துட்டு நேரா ஓட்டல்ல நாலு பூரி. அதே வித்தையை நான் எட்டு மாசம் செஞ்சேன்யா! மூணு மாசத்துச் சக்கரையைச் சேர்த்துக் காட்டுற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ரெண்டு நாள் பட்டினிக்கெல்லாம் அது ஏமாறாது. எனக்குப் பதினொண்ணே முக்கால்னு காட்டிக் குடுத்துடுச்சு. அப்புறம் மூணு தடவை பார்த்தாச்சு: ஒன்பதே கால், எட்டு, ஏழு புள்ளி ஒண்ணு. எல்லாம் மனசுல இருக்கு, காகிதம் வேணாம் எனக்கு.

ஒரு பந்தயம். துறைமுகத்துல தூண்டில் போடுற நைலான் நூல், தங்கூசி, உனக்குக் கிடைக்காததா? கெட்டியான தங்கூசியில விரல் நீளம் வெட்டு. கண்ணை மூடிக்கிட்டு படு. தங்கம்மா அந்த முனையால உன் பாதத்துல பத்து இடத்துல தொடட்டும். எங்க தொடுறான்னு நீ சொல்லு. ஆஸ்பத்திரியில வச்சிருக்கிற நூல் மாதிரி இது துல்லியம் இல்லை, ஆனா விஷயம் தெரிஞ்சிடும்னு வெண்மதியம்மா சொல்றாங்க. பத்துக்குப் பத்து சொல்லிட்டேன்னா, நான் கடலூர் வந்து ஊர் எதிர்ல உன்கிட்ட மன்னிப்புக் கேட்கிறேன்.

சின்னையன்


கடலூர் முதுநகர்
27.6.2024

மச்சானுக்கு,

கொட்டகை விஷயத்தை எழுதியிருக்க வேண்டாம். கடிதம் வந்தபோது தங்கம்மாள்தான் பிரித்தாள். இரண்டு நாளாக என்னைப் பார்த்தாலே சிரிக்கிறாள்.

உன் பந்தயத்தை முடித்துவிட்டேன். தங்கூசி வாங்கி, நீ சொன்ன நீளம் வெட்டி, நேற்றுக் காலை கட்டிலில் படுத்து, கண்ணை மூடி, எல்லாம் முறைப்படி செய்தோம். பத்துக்குப் பத்து. கட்டைவிரல், குதிகால், நடுப்பாதம், எல்லாம் சரியாகச் சொன்னேன்.

ஆகவே நீ மன்னிப்புக் கேட்க வரவேண்டிய தேதியைத் தெரிவிக்கவும். மீன் அங்காடிப் பக்கம் என்றால் கூட்டம் நன்றாக இருக்கும். உன் மருந்தாளுநர் அம்மாளையும் அழைத்து வரலாம். பஸ் ஸ்டாண்டில் உன்னை எழுப்பிவிட்டதற்கு நானும் நன்றி சொல்வேன். அவ்வளவுதான் அவர்களுக்கும் எனக்கும்.

கதிர்வேல்


சிதம்பரம்
3 ஜூலை 2024, புதன்

மச்சான்,

தங்கம்மா போன் பண்ணினா. அழுதுகிட்டேதான் பேசினா.

பத்து தடவை தொடும்போது நீ பத்தையும் ஒரே வரிசையில சொன்னியாம், கட்டைவிரல், குதிகால்னு மனப்பாடம் மாதிரி. அவ எங்க தொட்டாளோ அதுக்கும் நீ சொன்னதுக்கும் மூணு இடந்தான் ஒத்துப்போச்சாம். உனக்குச் சங்கடமா இருக்கும்னு எல்லாத்துக்கும் 'சரி சரி'ன்னு தலையாட்டியிருக்கா.

அதுக்கப்புறம் அவ செஞ்சதை நீ கவனிக்கலை. பதினோராவது தடவை தொடாமலே, தங்கூசியைக் கையில வச்சுக்கிட்டு, "இப்ப எங்க?"ன்னு உன் காதுல கத்தியிருக்கா. நீ "கட்டைவிரல்"னியாம். இன்னொரு தடவை, தொடவே இல்லை, "இப்ப?" நீ "குதிகால்"னே.

அப்படியும் கேட்டுப் பார்க்கச் சொல்லி அவகிட்ட முன்னாடியே போன்ல சொன்னது வெண்மதியம்மா. கோபம்னா என் மேல வை, தங்கம்மா மேல வேணாம்.

ஜெயிக்கணும்னு ஆசையா இருந்தா என்னை ஜெயிச்சுக்கோ. நான் மீன் அங்காடியில வந்து கால்ல விழறேன், முந்நூறு என்ன, மூவாயிரம் பேரைக் கூட்டு. ஆனா நீ ரெண்டு கால்ல நின்னுக்கிட்டு அதைப் பார்க்கணும். ஒத்தைக்கால்ல நிக்கிறவன் முன்னாடி விழமாட்டேன்.

ஏன்டா போக மாட்டேங்கிறே? அதை மட்டும் சொல்லு.

சின்னையன்


கடலூர் முதுநகர்
8.7.2024

மச்சானுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

என் காது இன்ஜின் அறையில் போனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் எப்படிச் சமாளித்தேன் என்பது ஒருவருக்கும் தெரியாது. எதிரில் பேசுகிறவர்களின் வாயைப் பார்ப்பேன். உதடு அசைவதில் பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வேன். டாக்டர்களிடமும் அப்படித்தான். கொரோனா வந்தது. எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டார்கள். அன்றோடு எனக்கு உலகமே வாயை மூடிக்கொண்டது.

2020-இல் ஒருமுறை போனேன். அந்த டாக்டர் மாஸ்க்குக்கு மேல் இரண்டு கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். ஏதோ கேட்டார். தலையாட்டினேன். இன்னும் ஏதோ கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். "கேட்கவில்லை, எழுதிக் காட்டுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே வந்து நின்றபோதுதான் உறைத்தது. 'காலை எடுத்துவிடலாமா' என்று அவர் கேட்டிருந்தாலும் நான் அதே மாதிரிதான் தலையாட்டியிருப்பேன்.

அதன்பிறகு போகவில்லை. போனால் எடுத்துவிடுவார்கள் என்றல்ல பயம். எதற்குச் சம்மதித்தேன் என்று தெரியாமலே சம்மதித்துவிட்டு வருவேன் என்றுதான் பயம். தங்கம்மாளைக் கூட்டிப்போனால், வெள்ளைக் கோட்டைக் கண்டதுமே அவளுக்குப் படபடப்பு, பாதியை மறந்துவிடுவாள்.

தொடாத இடத்தில் 'கட்டைவிரல்' என்று சொன்னவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். தங்கம்மாளை ஒன்றும் திட்டவில்லை. புண் இப்போது கொஞ்சம் நாற்றமடிக்கிறது.

உனக்கு ஒரு வார்த்தை மறக்காது. அது எனக்குத் தெரியும். நீ வருவாயா?

கதிர்வேல்


சிதம்பரம்
24 ஜூலை 2024, புதன்

மச்சானுக்கு,

உன் கடிதாசி வந்த அன்னிக்கே பஸ் ஏறிட்டேன், பதில் எழுத நேரமில்லை. இப்ப திரும்பி வந்து முதல் வேலையா இதை எழுதச் சொல்றேன். நான் கடலூர்லேர்ந்து கிளம்பும்போது, பெரியாஸ்பத்திரியில டாக்டர் பேசினதை ஒரு வரி விடாம எழுதி அனுப்புன்னு கேட்டே. இந்தா.

உள்ள போனதும் வெண்மதியம்மா எழுதிக் குடுத்த சீட்டைக் குடுத்தேன். டாக்டர் ஒரு இளவயசுப் பெண். சீட்டைப் படிச்சதும் மாஸ்க்கை இறக்கிட்டு உன் முகத்துக்கு நேரா நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. 'இவருக்குக் காது கேட்காது, உதட்டைப் பார்ப்பார்'னு அதுல முதல் வரியாவே எழுதியிருந்துதாம். நாலு வருஷம் நீ சொல்ல வெட்கப்பட்டது ஒரு வரிதான் மச்சான்.

அவுங்க சொன்னது: "எத்தனை மாசமா இருக்கு?" நீ ஒரு மாசம்னே. நான் நாலு மாசம்னேன். நீ முறைச்சே. "எக்ஸ்ரே பார்த்துட்டேன். எலும்புக்குப் போகலை. இன்னும் பதினஞ்சு நாள் கழிச்சு வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்." இங்க அவுங்க போன் அடிச்சுது, அணைச்சிட்டாங்க. "செத்த தோலை வெட்டி எடுத்துடுறேன். வலிக்காது, அதுதான் உங்க வியாதியே. கால் ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, அது உங்க அதிர்ஷ்டம். பத்து நாள் இங்கயே தங்கணும். அப்புறம் ஆறு வாரம் அந்தக் காலை ஊனக்கூடாது. சக்கரை குறையறதுக்குக் கொஞ்ச நாள் இன்சுலின் ஊசி. மாத்திரையை நீங்களா நிறுத்தக்கூடாது. நார்மல் வந்தது மாத்திரையாலதான், மாத்திரை வேணாம்கிறதுக்காக இல்லை." அப்புறம் நீ கேட்டே, "காலை எடுப்பீங்களா?"ன்னு. கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக் கேட்டே, உன் சத்தம் உனக்குத் தெரியாதே. அவுங்க, "ஆறினா எடுக்கமாட்டேன். ஆற வைக்கிறது பாதி நான், பாதி நீங்க"ன்னாங்க.

அவ்வளவுதான். பத்து நாளும் உன் கட்டிலுக்குப் பக்கத்துல உட்கார்ந்து நான் கேட்டுச் சொன்னேன், நீ மருந்துச் சீட்டைப் படிச்சுச் சொன்னே. உனக்குக் காது இல்லை, எனக்கு எழுத்து இல்லை. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு நோயாளி தேறுவான்னு நர்ஸ் சொன்னது உனக்குக் கேட்டிருக்காது.

வீட்டுல உன் பாதி வேலை: தினம் காலையில முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில வச்சு அடிப்பாதத்தைப் பாரு. விரல் இடுக்கை ஈரமில்லாம துடை. வெறுங்காலோட கழிப்பறைக்குக்கூடப் போகாதே. புண்ணு ஆறினதும் எம்.சி.ஆர் செருப்பு, சக்கரைக்காரங்களுக்குன்னே பண்றது, அளவு எடுத்து வாங்கு.

மன்னிப்புப் பந்தயத்துல நீ தோத்துட்டே. அதனால நான் கேட்க வேண்டியதில்லை.

சின்னையன்


கடலூர் முதுநகர்
11.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் செய்தி. புண் மூடிவிட்டது. அக்டோபரிலேயே மூடிவிட்டது, ஆனால் இரண்டு மாதம் மூடியே இருந்தால்தான் ஆறியதாக அர்த்தம் என்று டாக்டர் சொன்னதால், எழுதாமல் காத்திருந்தேன். நேற்று பார்த்துவிட்டு, "உங்கள் பாதியைச் சரியாகச் செய்துவிட்டீர்கள்" என்று அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தினம் ஒருமுறை எடுத்துப் படிக்கிறேன். மூன்று மாதச் சர்க்கரை 12.2-இல் இருந்து 7.6. உன் ஏழு புள்ளி ஒன்றை அடுத்த முறை தாண்டுவேன்.

பத்து நாள் முன் வந்த புயலின்போது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் இறங்கி நடக்கிறார்கள். நான் மட்டும் ராஜா மாதிரி மாடியில் மூன்று நாள் இருந்தேன். "கிழவனுக்கு ஜம்பம்" என்று கீழே ஒருவன் சொன்னானாம், தங்கம்மாள் சொன்னாள். வெள்ளத்துக்குள் என்னென்ன கிடக்கும், காலுக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது என்று வெண்மதியம்மாள் எழுதியிருந்தார்கள். மாத்திரைகளைப் பால் கவரில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவர்களை 'மாத்திரை விற்கிறவர்' என்று எழுதினேன். அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இதையும் அவர்களே உனக்குப் படித்துக் காட்டட்டும். இம்முறை தண்ணீர் குடிக்க வேண்டியிருக்காது.

என் பேத்தி காயத்ரிக்குக் கல்யாணம். பிப்ரவரி 2, ஞாயிறு, கடலூரில். நீ வரவேண்டும். மணமக்களுக்கு நான் மேடையேறி அட்சதை போட வேண்டும் என்பது காயத்ரியின் ஆசை. அதில்தான் ஒரு சிக்கல். மண்டபத்தில் எல்லோரும் வாசலிலேயே செருப்பை விடுவார்கள். மேடைப் படி மரம். ஆணி எங்கே நீட்டிக்கொண்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும். கழற்றுவதா வேண்டாமா? வெண்மதியம்மாளைக் கேட்டுச் சொல்.

கதிர்வேல்


சிதம்பரம்
18 டிசம்பர் 2024, புதன்

மச்சானுக்கு,

வகுப்புல உன் கடிதாசியைப் படிச்சப்போ கைதட்டினாங்க. பட்டம்மாள் கை தட்டினதுல பிளாஸ்டிக் ஸ்டூல் சாஞ்சு விழப்பார்த்தாங்க.

செருப்பு விஷயம். வெண்மதியம்மா சொன்னது ஒரே வார்த்தை: கழட்டாதே. புதுசா ஒரு ஜோடி எம்.சி.ஆர் வாங்கி, தெருவுல போடாம, மண்டபத்துக்குன்னே வச்சுக்கோ. அசிங்கம் எதுவும் ஒட்டியிருக்காது. யாராவது ஏதாவது பேசினா, உனக்குத்தான் கேட்காதே, மகராசனா ஏறு.

எனக்குக் கேட்கும். அதை நான் பார்த்துக்கிறேன்.

சின்னையன்


கடலூர் முதுநகர்
5.2.2025

மச்சானுக்கு,

கல்யாணம் முடிந்து மூன்று நாளாகிறது. எனக்குத் தூக்கமில்லை. நான் மேடைப் படியில் கால் வைத்ததும் எல்லோர் முகமும் மாறியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சபாபதி எழுந்து கையை நீட்டி ஏதோ சொன்னார். என் கால் பக்கம்தான் நீட்டினார். மேளம் அடிக்கிறவர் கையை நிறுத்தினார். நான் சிரித்துக்கொண்டே ஏறினேன்.

திரும்பிப் பார்த்தால் மூன்றாவது வரிசையில் நீ எழுந்து நிற்கிறாய். நீ பேசுகிறாய், பேசிக்கொண்டே இருக்கிறாய். மண்டபமே உன் பக்கம் திரும்பியிருக்கிறது. பிறகு ஒவ்வொருவராகக் கையைத் தூக்குகிறார்கள். என்ன ஓட்டெடுப்பு அது? தங்கம்மாளைக் கேட்டால் பாதி சொல்லுகிறாள், மீதி சிரிப்பு. சபாபதி பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

எல்லோரும் கேட்டார்கள். யாருக்காகப் பேசப்பட்டதோ அவன் ஒருவன் மட்டும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எழுது.

கதிர்வேல்


சிதம்பரம்
12 பிப்ரவரி 2025, புதன்

மச்சானுக்கு,

ஒரு வார்த்தை விடாம சொல்றேன். வெண்மதியம்மா ரெண்டு பேனா எடுத்து வச்சிருக்காங்க.

சபாபதி சொன்னது: "பெரிய மனுஷன், மணமேடையில செருப்போட ஏறுறாரு பாரு! பொண்ணு வீட்டுல இதுதான் மரியாதையா?" நாலு பேர் 'ஆமா ஆமா'ன்னாங்க. உன் மகனுக்கு முகம் செத்துப்போச்சு. காயத்ரி தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

நான் எழுந்தேன். எனக்கு மேடைப் பேச்சு தெரியாது. பண்ருட்டி பலாப்பழ மண்டியில நாப்பது வருஷம் லோடு ஏலம் கூவினவன், அந்தத் தொண்டைதான் இருந்துது.

"ஐயா சபாபதி, அது செருப்பு இல்லை. அது அவன் கால்"னேன். "அதைக் கழட்டச் சொல்றதும் காலைக் கழட்டச் சொல்றதும் ஒண்ணு. ஜூலை மாசம் பதினோராம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா அந்தக் காலு போயிருக்கும். போகாம இன்னிக்குப் பேத்திக்கு அட்சதை போட வந்திருக்கு. அந்தச் செருப்பு இந்த மண்டபத்தைத் தவிர வேற தரையைப் பார்த்ததில்லை. மேடைக்கு மரியாதைன்னா, அந்தக் காலுக்கு முதல்ல குடுங்க."

சரி, எடுத்ததை முடிச்சிடுவோம்னு, "இங்க யார் யாருக்குச் சக்கரை, பிரஷர்? கை தூக்குங்க"ன்னேன். ஒருத்தரும் தூக்கலை. கல்யாண வீட்டுல யாரு தூக்குவா? நான் முதல்ல தூக்கினேன். "நான் சின்னையன், எனக்குச் சக்கரை, எட்டு வருஷம்"னேன். பின்வரிசையில பட்டம்மாள் தூக்கினாங்க, அவுங்க என்கூட வந்தவங்க. அப்புறம் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில வச்சிட்டுத் தூக்கினாரு. அப்புறம் ஐயரு, கையில இருந்த தட்டோட. அதுக்கப்புறம் பாரு, பட்டுப்புடவைக் கையும் வேட்டிக் கையுமா எழும்பிச்சு. நான் எண்ணினேன், என்னைச் சேர்த்து அறுபத்து மூணு. யார் யாருன்னு இப்பக் கேட்டாலும் வரிசையாச் சொல்லுவேன்.

அப்பத்தான் சபாபதி சம்சாரம் எழுந்து, "இவருக்கும்தான்! ஏழு வருஷமா மறைச்சு வச்சிருக்காரு"ன்னு அவர் கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டாங்க. மண்டபம் இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு. அவர் உன் கையை விடாம பிடிச்சுக்கிட்டிருந்ததுக்கு அதான் காரணம். அந்தச் செருப்பு எங்க கிடைக்கும்னு கேட்டிருக்காரு, உனக்குக் கேட்கலை. அளவு எழுதி அனுப்பு.

மேளக்காரர் தானாவே கெட்டிமேளம் கொட்டினாரு. தாலி கட்ட இன்னும் நேரம் இருந்துது. நீ ஏறினதுக்குக் கொட்டினது அது.

இன்னிக்கு வகுப்புக்குக் கடலூர்லேர்ந்து பதினொரு பேர் பஸ் பிடிச்சு வந்துட்டாங்க. ஸ்டூல் பத்தாம நான் படிக்கட்டுல உட்கார்ந்திருக்கேன். உங்க ஊர்லயே ஒரு வகுப்பு வைக்கணும், மாசம் ஒரு ஞாயிறு நானே வர்றேன்னு வெண்மதியம்மா சொல்றாங்க. இடத்துக்கு உன் மாடியைக் கேட்கச் சொன்னாங்க. நான் சரின்னு சொல்லிட்டேன், நீ தலையாட்டிடு. எதுக்குன்னு தெரிஞ்சே ஆட்டு.

இனிமே ஒண்ணுதான் பாக்கி. பந்தியில என் இலைக்கு லட்டு வந்துது. நீ அந்த வரிசையில விசாரிச்சுக்கிட்டே வந்தே, புதுச் செருப்பு 'சரக் சரக்'னு. என் இலைக்கு நேரா வந்து நின்னே. லட்டைப் பார்த்தே, என்னைப் பார்த்தே. உன் கை எழும்பிச்சு. பாதியில நின்னு, கீழ இறங்கிடுச்சு. அடுத்த இலைக்குப் போயிட்டே. நான் அதுல ஒரு விரல் நுனி கிள்ளி வாயில போட்டுக்கிட்டு மீதியைப் பக்கத்து இலைக்குத் தள்ளினேன். அதை நீ திரும்பிப் பார்க்கலை.

அப்ப உன் முதுகைப் பார்த்து ஒண்ணு சொன்னேன். பந்தியில இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுது, உனக்கு மட்டும் கேட்கலை. அதனால எழுதச் சொல்றேன். எழுதினதை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன், நான் சொன்னபடியேதான் இருக்கு.

அன்னிக்கு நீ எடுத்தது சரிதான், மச்சான்.

சின்னையன்